சீனாவோட களிமண் படை: நொறுங்கிக் கெடந்தத ஒட்டி நிமித்தின கதை

என்கிட்ட வந்த கேள்வில அஞ்சு விஷயம் இருக்கு. சீனாவுல சின் ஷி ஹுவாங்னு ஒரு ராஜா தன்னோட சமாதிக்குக் காவலா ஆயிரக்கணக்குல களிமண் வீரர்கள பொதச்சு வச்சாராமே அது உண்மையா, கிணறு வெட்டும்போது கெடச்சுதுன்னு சொல்றது நிஜமா, ஒவ்வொரு முகமும் வேற வேறயாமே அத எப்படி செஞ்சாங்க, இவ்வளவு தோண்டினவங்க அந்த ராஜாவோட சமாதிய மட்டும் ஏன் இன்னும் தொறக்கல, நேர்ல போனா என்ன பாக்கணும். ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாத் தான் போகும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நெட்டுல சுத்துற போட்டோவுல வரிசை வரிசையா நிக்கிறாங்கல்ல, அதப் பாத்துட்டு மேல இருந்த மண்ண அள்ளினதும் உள்ள அப்படியே அட்டென்ஷன்ல நின்னுட்டு இருந்தாங்கன்னு தான் முக்காவாசி பேரு நெனச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லைங்க. கெடச்சப்ப கிட்டத்தட்ட எல்லாமே துண்டு துண்டா, ஒருத்தன் தல இன்னொருத்தன் கால் மேல கெடக்குற மாதிரி, எரிஞ்ச மண்ணோட சேந்து நசுங்கித் தான் கெடந்துச்சு. இப்ப நிக்கிற ஒவ்வொருத்தனையும் யாரோ உக்காந்து மாசக்கணக்குல துண்டு பொறுக்கி ஒட்டி நிக்க வச்சிருக்காங்க. அதாவது இந்தப் படைய ரெண்டு தடவ செஞ்சிருக்காங்க, 2200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ, 1974-க்கு அப்புறம் இன்னொரு தடவ. ராஜா பேரு எல்லாருக்கும் தெரியும், ஆனா இந்த ரெண்டு வேலையையும் செஞ்சவங்கள பத்தித் தான் நான் அதிகமா பேசப்போறேன், ஏன்னா எனக்கு அது தான் ராஜா கதைய விட சுவாரசியமா படுது.

ராஜா யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். சின் ஷி ஹுவாங், சொந்தப் பேரு யிங் ஜெங். கி.மு. 259-ல பொறந்தாரு, 13 வயசுல சின் நாட்டுக்கு ராஜா ஆனாரு, கி.மு. 221-க்குள்ள மத்த ஆறு நாட்டையும் அடிச்சுப் புடிச்சு ஒரே நாடாக்கிட்டு தனக்குத் தானே முதல் பேரரசர்னு பட்டம் குடுத்துக்கிட்டாரு. எழுத்து, எடை, அளவு, காசு, வண்டி அச்சோட அகலம் வரைக்கும் எல்லாத்தையும் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினது இவரு தான். சாவுன்னா இவருக்கு அப்படி ஒரு பயம், சாகாம இருக்க மருந்து தேடி கடல் தாண்டி ஆளு அனுப்பினாரு. கடைசில கி.மு. 210-ல ஊர் ஊரா சுத்துப்பயணம் போய்ட்டு இருந்தப்ப வழியிலயே செத்துப்போனாரு. செத்தத வெளிய சொன்னா கலவரம் ஆயிடும்னு கூட இருந்த மந்திரியும் மத்தவங்களும் உடம்ப மூடின வண்டிலயே வச்சு தலைநகரம் வரைக்கும் கொண்டு வந்தாங்க, வெயில் காலம் வேற, நாத்தம் வெளிய தெரியாம இருக்க உப்புக் கருவாட்ட வண்டில ஏத்திக்கிட்டு வந்தாங்கன்னு சீமா சியென் எழுதி வச்சிருக்காரு. சாகாவரம் தேடினவருக்குக் கடைசில கருவாட்டு வண்டி தான் துணை.

இந்த சீமா சியென், ராஜா செத்து சுமார் 100 வருஷம் கழிச்சு எழுதின வரலாற்று ஆசிரியர். சமாதியப் பத்தி நெறைய சொல்றாரு. 7 லட்சம் பேர் வேல செஞ்சாங்க, உள்ள நாட்டோட ஆறு, கடல் எல்லாத்தையும் பாதரசத்துல செஞ்சு ஓட விட்டாங்க, திருடன் உள்ள வந்தா தானா அம்பு பாயுற மாதிரி வில்லு பொருத்தினாங்க, கொழந்த இல்லாத அந்தப்புரப் பொண்ணுங்கள சேத்துக் கொன்னாங்க, ரகசியம் தெரிஞ்ச தொழிலாளிங்கள உள்ள வச்சே கதவ மூடிட்டாங்க, இவ்வளவும் சொல்றவரு களிமண் படையப் பத்தி ஒரு வரி கூட எழுதல. ஒத்த வரி இல்ல. அதனால தான் 1974 வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னே எந்த வரலாற்றுக்காரருக்கும் தெரியாது. மண்மேடு அங்கயே பெருசா தெரியுது, அது ராஜா சமாதின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல இருந்து 1.5 கிலோமீட்டர் கெழக்க வயல்காட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியல.

இப்ப கிணத்துக்கு வருவோம். ஆமா, அது நிஜம். ஷியான் நகரத்துக்குக் கெழக்க சுமார் 35 கிலோமீட்டர்ல லின்டோங்னு ஒரு பகுதி, லி மலையோட அடிவாரம். அங்க ஷியாங்னு ஒரு கிராமம். 1974 மார்ச் கடைசில, தேதி பொதுவா 29-ன்னு சொல்றாங்க, மழ இல்லாம பயிர் காய்ஞ்சு கெடக்க ஊர் விவசாயிங்க கொஞ்சம் பேரு சேந்து கூட்டா கிணறு வெட்ட ஆரம்பிச்சாங்க. மேல கொஞ்சம் தோண்டினதுமே வெந்து கெட்டியான செவப்பு மண்ணு வந்துச்சு, ஏதோ பழைய சூளை போலன்னு நெனச்சுட்டாங்க. இன்னும் கீழ போனா பானை கழுத்து மாதிரி ஒண்ணு, எடுத்துப் பாத்தா தல இல்லாத மனுஷ உடம்பு. அப்புறம் செங்கல் தரை, வெண்கல அம்பு முனைங்க. ஊர்க்காரங்களுக்கு இது ஏதோ பழைய கோயிலு, கிடைச்சது சாமி சிலைன்னு தான் தோணுச்சு. சில பேர் பயந்தாங்க, சில பேர் கும்பிட்டாங்க, அம்பு முனைய பொறுக்கி பழைய உலோகம் வாங்குற எடத்துல எடைக்குப் போட்டவங்களும் உண்டு, செங்கல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போனவங்களும் உண்டு. குத்தம் சொல்ல முடியாதுங்க, தண்ணி வேணும்னு தோண்டினவங்க அவங்க.

இதுக்கு முன்னாடியும் அந்தப் பக்கத்துல எதுவும் தட்டுப்படலன்னு சொல்ல முடியாது. வீரர்கள் பொதஞ்சிருந்த குழிங்கள்ல முதல் குழிக்குள்ளயே பிற்காலத்துல வெட்டின சவக்குழிங்க நெறைய இருக்கு, அத வெட்டினவங்க கண்டிப்பா இந்த உருவங்கள இடிச்சுக்கிட்டுத் தான் போயிருப்பாங்க. அவங்களுக்கு அது பொதச்ச எடத்துல கெடக்குற பேய், தொடாம மூடிட்டு அந்தப் பக்கம் போயிருப்பாங்க, நாமளா இருந்தாலும் அதத் தான் செஞ்சிருப்போம்.

நீர்ப்பாசன வேலையப் பாக்க வந்த ஒரு அதிகாரி இதப் பாத்துட்டு மியூசியத்துக்குச் சொல்லுங்கன்னு சொன்னாரு. அப்ப தான் கதைக்குள்ள சாவ் காங்மின் வர்றாரு. லின்டோங் மியூசியத்த பாத்துக்கிட்டு இருந்தவரு, பெரிய காலேஜ் படிப்பு எல்லாம் இல்ல, விவசாயக் குடும்பத்துக்காரரு, தானே படிச்சுத் தொல்லியல் கத்துக்கிட்டவரு. செய்தி கேட்டதும் சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. பாத்த உடனே இது சின் காலத்து வேலன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு. ஊர்க்காரங்கள வச்சு செதறின துண்டெல்லாம் பொறுக்க வச்சு, அள்ளிப்போட்ட மண்ண சல்லடையில சலிச்சு, விரல் சைஸ் துண்டையும் விடாம வண்டில ஏத்தி மியூசியத்துக்குக் கொண்டு போனாரு. அங்க உக்காந்து ஒவ்வொண்ணா பொருத்தி ஒட்டினாரு. முழு ஆள் உயரத்துக்கு வீரன் எழுந்து நின்னது அங்க தான், அவரு கையில தான். தோண்டி எடுத்தவங்க, ஒட்டி நிமித்தினவரு, பெரிய அளவுல அகழாய்வு நடத்தினவரு, இதுல யார "கண்டுபிடிச்சவர்"னு சொல்றதுன்னு பின்னாடி அங்க பெரிய சண்டையே ஓடுச்சு. என்னக் கேட்டா விவசாயிங்க பாத்தது களிமண் துண்டு, அது என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டது சாவ் காங்மின். அவரு 2018-ல காலமானாரு.

ஆனா அவரு இத உடனே மேலிடத்துக்குச் சொல்லல, கமுக்கமா வச்சுக்கிட்டாரு. ஏன்னா அது கலாச்சாரப் புரட்சி நடந்துட்டு இருந்த காலம். பழசு எல்லாத்தையும் ஒடைக்கணும்னு செங்காவலர்னு இளவட்டங்க ஊர் ஊரா சுத்தி சிலை, கோயில், புத்தகம்னு நாசம் பண்ணினத அவரு கண்ணால பாத்தவரு, அவரோட மியூசியத்துலயே பழைய பொருள ஒடைச்சிருக்காங்க, இதயும் ஒடைச்சுப் போட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். அப்புறம் எப்படி வெளிய வந்துச்சுன்னா, ஷின்ஹுவா செய்தி நிறுவனத்துல வேல பாத்த ஒரு பத்திரிகையாளர் சொந்த விஷயமா லின்டோங்குக்கு வந்தப்ப மியூசியத்துல இந்த வீரர்களப் பாத்து அசந்து போய், இவ்வளவு பெரிய விஷயத்த ஏன்யா மூடி வச்சிருக்கீங்கன்னு கேட்டு, பெய்ஜிங்ல தலைவருங்க மட்டும் படிக்கிற உள் அறிக்கைல எழுதிட்டாரு. துணைப் பிரதமர் லி சியான்னியான் வரைக்கும் போச்சு, உடனே பாதுகாக்கணும்னு உத்தரவு வந்துச்சு. 1974 ஜூலைல யுவான் சோங்யி தலைமையில அகழாய்வுக் குழு வந்து எறங்குச்சு.

வந்தவங்க சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்பிடலாம்னு தான் வந்தாங்க. ஓரம் எங்கன்னு தேடித் தோண்டினா ஓரமே வரல. அப்புறம் லுவோயாங் மண்வெட்டின்னு ஒண்ணு, பாதி குழாய் மாதிரி வளைஞ்ச அலகு, நீளமான கம்புல மாட்டி மண்ணுக்குள்ள குத்தி எடுத்தா அடியில இருக்குற மண்ணு அந்த அலகுக்குள்ள ஒட்டிக்கிட்டு வரும், அந்த மண்ணப் பாத்து கீழ என்ன இருக்குன்னு சொல்லலாம். வேடிக்கை என்னன்னா அது சமாதித் திருடனுங்க கண்டுபிடிச்ச கருவி, இப்ப சீனத் தொல்லியல்காரங்க எல்லாரு கையிலயும் அது தான் இருக்கு. அத வச்சுக் குத்திக் குத்திப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது, குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். கிணறு வெட்டின எடம் அதோட ஒரு மூலை. இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டியிருந்தா வெறும் மண்ணு தான் வந்திருக்கும்.

1976-ல ரெண்டாவது குழியும் மூணாவது குழியும் கெடச்சுது. நாலாவதும் ஒண்ணு இருக்கு, ஆனா அது காலி, வேல முடியறதுக்குள்ள ராஜா போய்ட்டாரு, அதுக்கப்புறம் நாட்டுல கலகம் வந்துருச்சு, விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. முதல் குழில தான் மெயின் படை, சுமார் 6000 பேரு. முன்னாடி மூணு வரிசை வில்லாளிங்க, 200 பேருக்கு மேல, அவங்களுக்குப் பின்னாடி காலாட்படையும் தேரும் நீளமான பாதைங்கள்ல அணி அணியா. ரெண்டாவதுல குதிரப்படை, தேருங்க, மண்டி போட்ட வில்லாளிங்க. மூணாவது சின்னது, 68 பேரும் ஒரு தேரும் தான், ஆளுங்க நிக்கிற விதத்தப் பாத்து அத தலைமையகம்னு எடுத்துக்கிட்டாங்க. மொத்தமா 8000 வீரர்கள், 130 தேரு, அத இழுக்க 520 குதிரை, 150 சவாரிக் குதிரைன்னு மதிப்பீடு. கவனிங்க, மதிப்பீடு தான். இதுவரைக்கும் வெளிய எடுத்தது சுமார் 2000 தான், மிச்சம் இன்னும் மண்ணுக்குள்ள. தோண்டின பகுதில கெடச்ச நெருக்கத்த வச்சு மீதியக் கணக்கு போட்டுருக்காங்க. பெரும்பாலானவங்க கெழக்க பாத்து நிக்கிறாங்க, சின் நாடு மேக்க இருந்துச்சு, அவரு புடிச்ச ஆறு நாடும் கெழக்க, எதிரி அந்தப் பக்கத்துல இருந்து தான் வருவான்னு கணக்கு.

சரி, எப்படி நொறுங்குச்சு? குழி சுமார் 5 மீட்டர் ஆழம். கெட்டிச்ச மண்ணுல நீள நீளமா சுவர் எழுப்பி, நடுவுல பாதை விட்டு, தரைக்கு செங்கல் பாவி, மேல பெரிய பெரிய மரத்த நெருக்கமா அடுக்கி, அது மேல பாய் விரிச்சு, களிமண் பூசி, அதுக்கு மேல மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. அதாவது இந்தப் படை யாரும் பாக்கறதுக்காகச் செஞ்சதே இல்ல. ராஜா செத்த நாலே வருஷத்துல அவரோட வம்சமும் காலி, கி.மு. 206-ல சியாங் யூ-ன்னு ஒரு கலகத் தளபதி தலைநகரத்தக் கொளுத்தினாரு, அவரு ஆளுங்க தான் இங்கயும் பூந்து ஆயுதத்த அள்ளிட்டு தீ வச்சதா ரொம்ப பேர் சொல்றாங்க. யாரு வச்சதோ, முதல் குழியும் ரெண்டாவது குழியும் எரிஞ்சது நெலத்துலயே தெரியுது, கிணத்துல மொதல்ல வந்த அந்த செவப்பு மண்ணு அது தான். மரம் எரிஞ்சதும் மேல இருந்த மண்ணு மொத்தமும் தலையில எறங்குச்சு. மண்டி போட்டு இருக்குற வில்லாளிங்க 1.2 மீட்டர் உயரம் தான்ங்கறதால ரொம்ப அடிபடல, நல்லா தப்பிச்சது அவங்க தான். நெஞ்ச நிமித்தி நின்னவன் எல்லாம் தூள்.

இப்ப எப்படி செஞ்சாங்கன்னு பாப்போம். கால் ரெண்டும் கெட்டியா, உள்ள மண்ணு நெறஞ்சு இருக்கும், ஏன்னா மேல இருக்குற வெயிட்ட அது தான் தாங்கணும். அதுக்கு மேல உடம்பு மட்டும் உள்ள காலி, களிமண்ண நீளக் கயிறாத் திரிச்சு முறுக்கு சுத்துற மாதிரி சுத்திச் சுத்தி மேல ஏத்திக்கிட்டே போயி, உள்ளயும் வெளியயும் தட்டித் தட்டி சமன் பண்ணிருக்காங்க. ஒடைஞ்ச துண்ட உள்பக்கமா பாத்தா அந்த வளையமும் வெரல் பதிஞ்ச தடமும் இப்பவும் தெரியுது. தலைய அச்சுல முன் பாதி பின் பாதியா எடுத்து ஒட்டி, தனியா சுட்டு, கடைசில கழுத்து ஓட்டைல செருகிருக்காங்க. காது, மூக்கு, மீசை, கொண்டை எல்லாம் அச்சுல வந்ததுக்கு மேல கையால ஒட்டினது, செதுக்கினது. ஒவ்வொண்ணும் 100 கிலோவுல இருந்து 300 கிலோ வரைக்கும் இருக்கும், உயரம் பெரும்பாலும் 1.75 மீட்டருக்கு மேல.

அப்போ முகம் வேற வேறயான்னு கேட்டா, ஆமா, ஆனா ஒவ்வொருத்தனும் ஒரு நெஜ சோல்ஜரோட போர்ட்ரெயிட்டுன்னு சொல்றது கொஞ்சம் ஓவர். கொஞ்சமே அச்சு வகை தான், அத மாத்தி மாத்தி எடுத்து, மீசைய ஒரு மாதிரி, கண்ணப் புருவத்த ஒரு மாதிரி, கொண்டைய ஒரு மாதிரின்னு கையால வேல பண்ணினதுல ஆயிரம் ஆள் வந்துட்டாங்க. ஆனா இதுல ஒரு ஆராய்ச்சி இருக்கு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆளுங்களும் அந்த மியூசியமும் சேந்து 30 வீரர்களோட காத மட்டும் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல முப்பரிமாண மாடல் போட்டு ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2014-ல வந்துச்சு. ரெண்டு காது கூட ஒண்ணு போல இல்ல. யாருமே பாக்கப்போறது இல்லைன்னு தெரிஞ்சு மூடப்போற குழிக்குள்ள நிக்கிறவனோட காதுக்கு இவ்வளவு மெனக்கெட்டுருக்கான் பாருங்க ஒருத்தன். இன்னொண்ணு, மண்டி போட்ட வில்லாளிக்குக் கால் பின்பக்கம் மடிஞ்சு செருப்போட அடிப்பாகம் தெரியும், அந்த அடில தையல் போட்ட புள்ளிங்க இருக்கு, முன் பாதத்துலயும் குதிகால்லயும் நெருக்கமா, நடுவுல தூரம் தூரமா. நெஜ செருப்புல தேயற எடத்துல தான் நெருக்கித் தைப்பாங்க, அத அப்படியே மண்ணுல போட்டுருக்கான்.

இதெல்லாம் கலை ஆர்வம் மட்டும் இல்லைங்க, பயமும் உண்டு. சின் நாட்டுல ஒரு சட்டம், அரசாங்கத்துக்கு எது செஞ்சாலும் செஞ்சவன் பேர அதுல போடணும், கோளாறு வந்தா ஆளப் புடிக்க. வீரர்களோட உடம்புல சில எடத்துல முத்திரையாவும் கீறியும் பேருங்க இருக்கு, இதுவரைக்கும் 80-க்கும் மேல வேற வேற பேரு. சில பேருக்கு முன்னாடி "கோங்"னு இருக்கும், அது அரண்மனைப் பட்டறை ஆளு, சில பேருக்கு முன்னாடி தலைநகரம் ஷியன்யாங் பேரு இருக்கும், அது ஊர்ப் பட்டறைல இருந்து வந்த குயவன். அரண்மனை ஆளுங்க செஞ்சது அளவு சுத்தமா, ஒரே மாதிரி நிமிர்ந்து நிக்கும், ஊர் ஆளுங்க செஞ்சது கொஞ்சம் முன்ன பின்ன ஆனா முகத்துல உயிர் அதிகம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, எனக்கும் அந்த ரெண்டாவது வகை தான் புடிக்கும். ஜியாங்னு ஒரு அரண்மனைக் குயவன் பேரு பல உருவங்கள்ல வருது. ஒருத்தனே எல்லாம் செஞ்சிருக்க மாட்டான், அவன் மேஸ்திரி, அவனுக்குக் கீழ ஒரு செட்டு ஆளுங்க, அந்த ஆளுங்க பேரு எங்கயும் இல்ல.

ஆயுதத்துலயும் இதே முறை தான். வெண்கல ஆயுதங்கள் சிலதுல மொதல்ல பிரதம மந்திரி லூ புவெய் பேரு, அப்புறம் பட்டறை அதிகாரி, அப்புறம் அவரோட உதவியாளர், கடைசில கையால செஞ்ச தொழிலாளின்னு நாலு பேரு வரிசையா வெட்டியிருக்கும். சுமார் 40,000 ஆயுதம் கெடச்சிருக்கு, அதுல பெரும்பகுதி அம்பு முனை. 100 அம்பு ஒரு கட்டு. அந்த அம்பு முனைங்களோட உலோகக் கலவைய சோதிச்சப்ப ஒரு கட்டுக்குள்ள இருக்குறதெல்லாம் ஒரே கலவை, அடுத்த கட்டு வேற கலவை. அப்படின்னா ஒருத்தன் முனை மட்டும் வார்த்துட்டு அடுத்தவன்கிட்ட தள்ளுற கார் ஃபேக்டரி முறை இல்ல, ஒவ்வொரு சின்னப் பட்டறையும் தொடக்கத்துல இருந்து கட்டு கட்டுற வரைக்கும் தானே முடிச்சுக் குடுத்துருக்கு.

வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்தும், அந்த வாளுங்க 2000 வருஷம் துருப்புடிக்காம இருந்ததுக்குக் காரணம் குரோமியம் பூச்சு, வெள்ளக்காரன் இருபதாம் நூற்றாண்டுல கண்டுபிடிச்சத சீனாக்காரன் அப்பவே பண்ணிட்டான்னு. ஒத்துக்காதீங்க. 2019-ல மார்ட்டினோன் டோரஸ்னு கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் தலைமையில வந்த ஆய்வு இதத் தெளிவா ஒடைச்சுருச்சு. குரோமியம் இருக்கு, ஆனா வாளோட அலகுல இல்ல, பெரும்பாலும் மரக்கைப்பிடி தொட்டுக்கிட்டு இருந்த எடத்துல தான் இருக்கு, மரத்துக்குப் பூசின அரக்கு வார்னிஷ்ல இருந்து அது ஒட்டினது. ஆயுதம் நல்லா இருக்கறதுக்குக் காரணம் வெண்கலத்துல தகரம் ஜாஸ்தி, அந்த எடத்து மண்ணு லேசான காரத்தன்மையும் ரொம்ப நைசான துகளும் உள்ளது.

கலரப் பத்தி சொல்லியே ஆகணும், சமாதிய ஏன் தொறக்கலங்கறதுக்குப் பதிலும் அதுல தான் இருக்கு. இப்ப சாம்பல் கலர்ல பாக்குற இந்த வீரர்கள் எல்லாருக்கும் பெயிண்ட் அடிச்சு இருந்துச்சு. செவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, அதோட ஒரு ஊதா. அந்த ஊதா இயற்கைல கெடைக்குற கல்லு இல்ல, பேரியமும் செம்பும் மணலும் சேத்து ரொம்ப சூட்டுல உருக்கி மனுஷன் செஞ்சது. சுட்ட மண்ணு மேல அரக்கு மரத்துப் பால பூசி, அது மேல தான் கலர் அடிச்சாங்க. அது தான் சிக்கலே. ஈர மண்ணுக்குள்ள ரெண்டாயிரம் வருஷம் ஊறிப்போன அந்த அரக்கு வெளிக்காத்து பட்டதும் ஈரம் போயி நிமிஷக் கணக்குல சுருண்டு, ஒட்டியிருந்த கலரையும் சேத்துக்கிட்டு உதுந்துடும். எழுபதுகள்ல தோண்டினவங்க கண்ணு முன்னாடியே அப்படிப் போயிருக்கு, என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. பாதி கலர் வீரன்கிட்ட இல்லாம அவனச் சுத்தி இருந்த மண்ணுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் ஜெர்மனில பவேரியா மாநிலத்தோட பழம்பொருள் பாதுகாப்புத் துறையோட சேந்து வருஷக்கணக்குல சோதிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, வெளிய வந்த உடனே ஈரம் போகாம மூடி, பாலிஎத்திலீன் கிளைகால்னு ஒரு கரைசல ஊற வச்சு, அரக்குல இருக்குற தண்ணிக்குப் பதிலா அது உக்காந்துக்குற மாதிரி. அந்த முறையெல்லாம் வந்ததுக்கு அப்புறம், 1999-ல ரெண்டாவது குழில மண்டி போட்ட வில்லாளி ஒருத்தன் பச்சை முகத்தோட கெடச்சான், முகம் முழுக்க பச்சை. ஏன் பச்சைன்னு ஆளுக்கொரு விளக்கம் சொல்றாங்க, எதுவும் எனக்கு ஒட்டல.

இப்ப அந்த சமாதி. மண்மேட்டுக்கு அடியில பெரிய அறை இருக்குன்னு நில இயற்பியல் சர்வேல தெரிஞ்சுருச்சு. எண்பதுகள்ல மேட்டு மண்ண எடுத்து சோதிச்சப்ப பாதரசம் சுத்து வட்டாரத்த விட ரொம்ப ஜாஸ்தி, சீமா சியென் சொன்ன பாதரச ஆறு வெறும் கதை இல்ல போலன்னு அப்ப தான் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க. தொறந்தா விஷ வாயு வரும்னு பயம், தானா பாயுற அம்புக்கு பயம்னு வீடியோ போடறவங்க சொல்றது எல்லாம் வியூஸ்க்கு. உண்மையான காரணம் சீனாக்காரங்க ஒரு தடவ சூடு பட்டவங்க. பெய்ஜிங் பக்கத்துல மிங் வம்சத்து வான்லி பேரரசரோட சமாதி, திங்லிங்னு பேரு, 1956-ல ஆரம்பிச்சு அதத் தொறந்தாங்க. உள்ள பட்டு குவிஞ்சு கெடந்துச்சு, ஜொலிக்கிற பட்டு. பாதுகாக்கத் தெரியாம கண்ணு முன்னாடி கருத்து, விறைச்சு, பொடிஞ்சு போச்சு. அதோட நிக்கல, 1966-ல செங்காவலருங்க உள்ள பூந்து ராஜாவோட எலும்பையும் ரெண்டு ராணிங்க எலும்பையும் வெளிய இழுத்துப் போட்டுக் கொளுத்திட்டாங்க. அதுக்கப்புறம் ராஜா சமாதிய நாமளா தொறக்கறது இல்லைன்னு ஒரு கொள்கையே ஆயிருச்சு. களிமண்ணு மேல இருந்த கலரையே முதல் இருபது வருஷம் காப்பாத்த முடியாதவங்க, பட்டு, மரம், ஓலை எல்லாம் இருக்கக்கூடிய அறையத் தொறக்காம இருக்கறது தான் சரி. நான் சாகறதுக்குள்ள பாக்கணும்னு எனக்கும் ஆசை தான், அதுக்காகத் தொறக்கச் சொல்ல மாட்டேன்.

சமாதியத் தொடலன்னாலும் சுத்தி இருக்குற எடங்கள்ல தோண்டிக்கிட்டே தான் இருக்காங்க, சுமார் 56 சதுர கிலோமீட்டர் வளாகம் அது. 1980-ல மேட்டுக்கு மேக்க ரெண்டு வெண்கலத் தேரு, நெஜ அளவுல பாதி சைஸ், ஒவ்வொண்ணுலயும் நாலு குதிரை, கடிவாளம் வரைக்கும் தங்கம் வெள்ளி வேலைப்பாடு. நசுங்கி ஆயிரக்கணக்குல துண்டாக் கெடந்தத வருஷக்கணக்குல ஒட்டினாங்க. அப்புறம் களிமண்ணுல செஞ்ச தொந்தி வச்ச கழைக்கூத்தாடிங்க, சுண்ணாம்புக்கல்ல வில்லை வில்லையா அறுத்து செம்புக் கம்பில கோத்த கவசங்க, ஒரு நீர்க்கால்வாய் ஓரம் நிக்கிற மாதிரி 46 வெண்கல அன்னம், கொக்கு, வாத்து. வெறும் போர்ப்படை மட்டும் இல்ல, ராஜாவுக்கு அந்த உலகத்துல பொழுது போக என்னென்ன வேணுமோ எல்லாமே பொதச்சிருக்காங்க.

மனுஷங்களுக்குப் பதிலாத் தான் களிமண் ஆளான்னு சில பேர் கேப்பாங்க. சின் நாட்டு பழைய மன்னர்கள் செத்தா அவங்களோட ஆளுங்களையும் சேத்துப் பொதைக்கிற வழக்கம் இருந்துச்சு, ஃபெங்ஷியாங்ல சின் நாட்டு ஜிங் கோமானோட சமாதில 160 பேருக்கு மேல எலும்பு கெடச்சிருக்கு. கி.மு. 384-ல சட்டம் போட்டு அத நிறுத்தினாங்க. அதனால பொம்மை வந்துச்சுன்னு சொல்றது ஒரு அளவுக்கு சரி, ஆனா பொம்மை வந்ததால மனுஷன் சாகலன்னு நெனச்சுடாதீங்க. சமாதிக்குப் பக்கத்துல சாவ்பெய்ஹு-ன்னு ஒரு கிராமத்துல வேலக்காரங்களோட இடுகாடு கெடச்சுது, குழிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா போட்ட எலும்புக்கூடு. சில பேரு மேல ஒடைஞ்ச ஓட்டுத் துண்டு ஒண்ணு வச்சிருக்கு, அதுல கீறி எழுதினது, பேரு, எந்த ஊர்க்காரன், என்ன அந்தஸ்து. அதுல சில பேருக்கு அரசாங்கத்துக்கு குடுக்க வேண்டிய கடன கழிக்க வந்தவன்னு எழுதியிருக்கு. கெழக்க இருந்த, ராஜா புடிச்ச நாட்டு ஊருங்க தான் அதுல வர்றது.

இந்தக் களிமண் வீரர்கள செய்யறத கிரேக்க சிலைக்காரங்க வந்து சொல்லிக் குடுத்தாங்கன்னு சில வருஷம் முன்னாடி ஒரு பேச்சு பலமா அடிபட்டுச்சு, முழு ஆள் சைஸ் சிலை அதுக்கு முன்னாடி சீனாவுல இல்லைங்கறது தான் அவங்க வாதம். வந்ததுக்கான நேரடி ஆதாரம் எதுவும் இல்ல, முறுக்கு மாதிரி சுத்தி எழுப்பறது பானை செய்யறவன் வேல, கிரேக்கத்துல இருந்து வரணும்னு அவசியமே இல்ல.

நேர்ல போறவங்களுக்கு. 1979 அக்டோபர் 1-ல மியூசியம் தொறந்தாங்க, அதுக்கு முந்தின வருஷம் பிரான்ஸ்ல இருந்து வந்த முன்னாள் பிரதமர் ஷாக் ஷிராக் எட்டாவது உலக அதிசயம்னு சொல்லிட்டுப் போனாரு, 1987-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துருச்சு, அதனால கூட்டம் பயங்கரமா இருக்கும். எல்லாரும் முதல் குழியோட முன்பக்கம் போட்டோ எடுக்க முட்டிக்குவாங்க, நீங்க பின்பக்கம் போங்க. அங்க தான் ஒட்டுற வேல நடக்குற எடம், பாதி ஒட்டின வீரனுங்க பெல்ட்டுல கட்டி நிக்கிறாங்க, தல இல்லாம, கை இல்லாம, பிளாஸ்டிக்ல சுத்தி, நம்பர் சீட்டு தொங்க விட்டு. அதுக்கு நடுவுல இன்னும் தோண்டாத பகுதில மேல போட்ட மரம் அழுகி மண்ணுல அலை அலையா பதிஞ்சு கெடக்கறதும் தெரியும், தேரோட மரச்சக்கரம் எல்லாம் மண்ணுல விட்டுட்டுப் போன தடத்த வச்சுத் தான் அளவு எடுத்தாங்க. ரெண்டாவது குழி இருட்டா, காலியா இருக்குற மாதிரி தெரியும், ஏமாந்துடாதீங்க, அங்க நெறைய மூடியே வச்சிருக்காங்க, ஓரமா கண்ணாடிப் பெட்டில இருக்குற மண்டி போட்ட வில்லாளிய சுத்தி வந்து அந்த செருப்புத் தையலப் பாருங்க. வெண்கலத் தேர விட்டுடாதீங்க.

டைம் இருந்தா ஷியான் ஏர்போர்ட் போற வழில ஹான் யாங்லிங் போய்ட்டு வாங்க, அடுத்து வந்த ஹான் வம்சத்து ஜிங் பேரரசரோட சமாதி. அங்கயும் களிமண் ஆளுங்க, ஆனா 60 சென்டிமீட்டர் தான், கையே இல்ல, உடம்புல துணியும் இல்ல. மொதல்ல மரக்கை பொருத்தி பட்டுத்துணி உடுத்தி விட்டிருந்தாங்க, மரமும் பட்டும் மக்கிப்போயி மண்ணு மட்டும் மிஞ்சுச்சு. கண்ணாடித் தரை மேல நடந்துக்கிட்டே கீழ குழியப் பாக்கலாம், ஆடு, மாடு, பன்னி, நாய்னு பண்ணையே கெடக்கும், கூட்டமும் ரொம்ப கம்மி.